சுவர்க் கண்ணாடிக்கு வீட்டிலேயே மரச்சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் போட்ட கண்ணாடி கடையில் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் பல எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையில் காகிதம் ஒட்டிச் செய்தவை. இரண்டு மழைக்காலம் போனால் மூலை உப்பி, மேல்தாள் உரிந்து வரும். ஒரு ரம்பம், ஒரு மூலைமட்டம், ஒரு டிரில் வைத்திருப்பவர் அதைவிடப் பல மடங்கு உறுதியான சட்டத்தை இரண்டு விடுமுறை நாளில் செய்துவிடலாம். இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் 2 அடிக்கு 3 அடி கண்ணாடிக்கானவை, அதாவது 610 × 914 மி.மீ. உங்கள் கண்ணாடி வேறு அளவாக இருந்தால் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

முதலில் கண்ணாடி வாங்குவதா, சட்டம் செய்வதா?

கண்ணாடி முதலில். கடைக்காரர் வெட்டித் தரும் கண்ணாடி நாம் சொன்ன அளவிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. கூடவோ குறையவோ இருக்கும். மரத்தைப் பிறகு திருத்தலாம், கண்ணாடியை வீட்டில் திருத்த முடியாது. வாங்கி வந்ததும் நான்கு பக்கமும் தனித்தனியாக அளந்து, பெரிய எண்ணைக் கணக்கில் எடுங்கள்.

வாங்கும்போது ஒரு சோதனை. கண்ணாடியைக் கையில் பிடித்து, கடையின் டியூப்லைட் அதில் தெரியும்படி மெதுவாகச் சாயுங்கள். விளக்கின் கோடு நேராக நகர்ந்தால் நல்ல கண்ணாடி. நெளிந்து நெளிந்து போனால் வேண்டாம், முகமும் அப்படித்தான் தெரியும். விளிம்புகளை மழித்துத் தரச் சொல்லுங்கள். கையும் கிழிக்காது, விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பும் வாய்ப்பும் குறையும்.

4 மி.மீ. போதுமா, 5 மி.மீ. வேண்டுமா? எடை எவ்வளவு வரும்?

இந்த அளவுக்கு 4 மி.மீ. போதும். 3 அடிக்கு மேல் நீளம் போனால் 5 மி.மீ. வாங்குங்கள். மெல்லிய கண்ணாடி நீளமாக இருந்தால் லேசாக வளையும், வளைந்தால் உருவம் கோணும்.

எடைக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. நம் கண்ணாடி 0.56 சதுர மீட்டர், 4 மி.மீ. என்றால் 5.6 கிலோ. தேக்குச் சட்டம் 3 கிலோவுக்குள், பின்பக்க பிளைவுட் ஒரு கிலோ சொச்சம். மொத்தம் 10 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் வேலை வரும்போது இந்த 10 கிலோவை மறந்துவிடாதீர்கள்.

எந்த மரம் நல்லது?

தேக்கு கிடைத்தால் தேக்கு. சுருங்கி விரிவது குறைவு, உளி சொன்ன பேச்சைக் கேட்கும், வைரப் பகுதியைக் கரையான் சீக்கிரம் தொடாது. வெளிறிய ஓரப் பகுதியை மட்டும் நம்ப வேண்டாம், தேக்காகவே இருந்தாலும் பூச்சி அதில் ஏறும். வேங்கையும் நல்ல உறுதி, ஆனால் கனம். மாமரம் விலை குறைவு, இழை அழகாக இருக்கும், நன்றாகக் காய்ந்ததாக வாங்கினால் தாராளமாகச் செய்யலாம். ரப்பர் மரம் வாங்கினால் மருந்து ஏற்றிய பலகைதானா என்று கேட்டு வாங்குங்கள். மருந்து ஏற்றாதது சீக்கிரம் உளுத்துப்போகும். பார்சல் பெட்டிகளில் வரும் பைன் பழகிப் பார்க்க நல்லது, நகம் பட்டாலே பள்ளம் விழும் என்பதுதான் குறை.

எந்த மரமானாலும் காய்ச்சல் முக்கியம். பச்சை வாடை அடிக்கும் மரத்தை வாங்காதீர்கள். வாங்கிய பலகையை உடனே அறுக்காமல், கண்ணாடி மாட்டப் போகும் அறையிலேயே இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, இரண்டு வாரம் விடுங்கள். வளைய வேண்டியது அதற்குள் வளைந்துவிடும்.

மரக்கடையில் கன அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். நமக்கு அரை கன அடிகூட ஆகாது. மொத்தமாக வாங்குபவர்களுக்கு அறுத்து மிச்சமான துண்டுகள் இருக்கிறதா என்று கேளுங்கள், 4 அடிக்குக் குறையாத துண்டுகள் நமக்குப் போதும்.

வீட்டை இடித்தபோது எடுத்த பழைய கதவு, ஜன்னல் மரம் இருக்கிறது. பயன்படுத்தலாமா?

அதைவிட நல்ல மரம் இப்போது காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காது. பல பத்தாண்டு வெயிலும் மழையும் பார்த்து, சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கி முடித்த மரம் அது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வீடுகள் இடிபடும்போது வெளிவரும் மரமும் பொருள்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், எந்த ஊரிலும் பழைய மரக்கடை உண்டு.

இரண்டு எச்சரிக்கை. பழைய மரத்தில் ஒடிந்த ஆணி உள்ளே இருக்கும், ரம்பத்தின் பல் போய்விடும். ஒரு காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பார்த்து, இருக்கிற ஆணியையெல்லாம் முதலில் பிடுங்குங்கள். அடுத்தது பெயிண்ட். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தூள் பறக்கவிடாமல், பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி எடுங்கள். முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

என்னிடம் ரூட்டர் (மரத்தில் பள்ளம் எடுக்கும் மெஷின்) இல்லை. கண்ணாடி உட்காரும் காடியை எப்படி எடுப்பது?

இதற்காகத்தான் பலர் சட்டம் செய்யும் ஆசையையே விட்டுவிடுகிறார்கள். காடி எடுக்கவே வேண்டாம். சட்டத்தை இரண்டு அடுக்காகச் செய்தால் காடி தானாக அமைந்துவிடும். 45 டிகிரி வெட்டும் கிடையாது, மூலையில் துளை நாக்கு வேலையும் கிடையாது. அறுப்பது எல்லாம் நேர் வெட்டு.

முன் அடுக்குக்கு 60 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன் உள்ள பட்டை. பின் அடுக்குக்கு அதே தடிமன், ஆனால் அகலம் 50 மி.மீ. வெளி விளிம்பைச் சமமாக வைத்து ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினால், உள்பக்கம் 10 மி.மீ. அகலத்துக்கு ஒரு படி கிடைக்கும். அந்தப் படியில்தான் கண்ணாடி உட்காரும்.

அளவுகளைப் பார்ப்போம். கண்ணாடிக்கு மொத்தமாக ஒரு நூல், அதாவது சுமார் 3 மி.மீ., இடைவெளி விட வேண்டும். மழையில் மரம் விரியும், கண்ணாடி விரிந்து கொடுக்காது. இறுக்கிப் பிடித்த சட்டத்தில் அது என்றாவது ஒரு நாள் ஓரத்தில் கீறல் விடும். ஆக பின் அடுக்கின் உள்ளளவு 613 × 917 மி.மீ. இருபக்கமும் 50 சேர்த்தால் சட்டத்தின் வெளியளவு 713 × 1017.

முன் அடுக்கில் நெடுக்குப் பட்டைகள் முழு நீளம் போகும்: 1017 மி.மீ., இரண்டு. குறுக்குப் பட்டைகள் அவற்றுக்கு இடையில் அடங்கும்: 593 மி.மீ., இரண்டு. பின் அடுக்கில் அதை அப்படியே மாற்றுங்கள். குறுக்குப் பட்டைகள் முழு நீளம்: 713 மி.மீ., இரண்டு. நெடுக்குப் பட்டைகள் இடையில்: 917 மி.மீ., இரண்டு. இப்போது முன் அடுக்கின் இணைப்பு வரும் இடத்தில் பின்னால் முழுப் பட்டை ஓடுகிறது, பின் அடுக்கின் இணைப்புக்கு முன்னால் முழுப் பட்டை ஓடுகிறது. செங்கல் கட்டில் ஒரு வரிசையின் இணைப்பு மேல் அடுத்த வரிசை இணைப்பு வராமல் கட்டுவது போலத்தான். ஒவ்வொரு மூலையிலும் 60 × 50 மி.மீ. பரப்பு முழுக்கப் பசை பிடிக்கும். காய்ந்த பிறகு கையால் பிரிக்கவே முடியாது.

ஒட்டும் வரிசை: சமதளமான தரையிலோ மேசையிலோ பிளாஸ்டிக் தாள் விரித்து, முன் அடுக்கின் நான்கு பட்டைகளையும் முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். மூலைமட்டம் வைத்துச் சரிபாருங்கள். பசை இல்லாமலே பின் அடுக்கை மேலே வைத்து ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். எல்லாம் பொருந்துகிறது என்றால் பிறகு பசை. பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும், காடியின் உள்மூலையில் முக்கியமாக. அங்கே காய்ந்த பசைக் கட்டி இருந்தால் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மூலை 45 டிகிரியில் சேர்ந்தால்தானே அழகு?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலைக்கு வரும்போது 4 டிகிரி வாய் பிளந்து நிற்கும். அதோடு, சாய்வாக வெட்டிய முகங்கள் பசையை நன்றாகப் பிடிக்காது. மூலையில் குறுக்கே வெட்டி மெல்லிய மரத்தகடு சொருகினால்தான் நிற்கும்.

ஏற்கெனவே 45 டிகிரிச் சட்டம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூலையின் உள்பக்கம் இடைவெளி விழுந்தால், ஈரமாக இருந்த மரம் பிறகு காய்ந்து சுருங்கியிருக்கிறது. வெளிப்பக்கம் விழுந்தால், காய்ந்த மரம் ஈரம் இழுத்து விரிந்திருக்கிறது. மரம் அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும், நீளவாக்கில் மிகமிகக் குறைவு. அதனால்தான் இந்த வித்தியாசம். உள்பக்க இடைவெளியை மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம். வெளிப்பக்க இடைவெளி மழைக்காலத்தில் தெரிந்தால் கோடை வரை பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

எந்தப் பசை? கிளாம்ப் இல்லாமல் எப்படி இறுக்குவது?

ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை போதும். குளியலறைப் பக்கம் வைப்பதென்றால் தண்ணீர் தாங்கும் ரகம் வாங்குங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் பசை போட வேண்டும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் விட்டால் பசை ஏடாக உரிந்து வரும்.

இரண்டு அடுக்கு முறையில் கிளாம்ப் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. பின்பக்கத்திலிருந்து மூலைக்கு இரண்டாக, 20 மி.மீ. நீள ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். சட்டம் மொத்தம் 24 மி.மீ. தடிமன், 25 மி.மீ. ஸ்க்ரூ வாங்கினால் முன்பக்கம் முனை எட்டிப் பார்க்கும். முன்கூட்டியே மெல்லிய துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றாதீர்கள், பட்டை பிளந்துவிடும். நடுப்பகுதிகளின் மேல் ஒரு பலகை போட்டு அரிசி மூட்டையோ செங்கலோ ஏற்றி வைத்தால் போதும். மறுநாள் வரை அசைக்கக் கூடாது.

மூலை சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குறுக்காக அளந்து பாருங்கள். மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் சட்டத்துக்கு 1242 மி.மீ. வரும். ஒன்று கூடுதலாக இருந்தால், பசை இறுகும் முன் அந்த நீளமான மூலைகளை இருபக்கமும் பிடித்து லேசாக அமுக்குங்கள். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்தைக் காடியில் விட்ட இடைவெளி பார்த்துக்கொள்ளும்.

பாலிஷ் எப்போது, எது?

கண்ணாடி வைப்பதற்கு முன்பே. 120, பிறகு 180, பிறகு 240 எண் உப்புத்தாள், எப்போதும் இழை போகும் திசையில். இணைப்பு இடங்களில் இரண்டு பட்டையின் இழையும் செங்குத்தாகச் சந்திக்கும். அங்கே குறுக்கே தேய்த்துவிட்டால் பாலிஷ் ஏறிய பிறகு கீறல் பளிச்சென்று தெரியும்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பாலிஷ்தான் தேக்குக்கு என் தேர்வு. மரம் மரமாகவே தெரியும், கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி போடலாம். தண்ணீர் பட்டால் வெள்ளைத் திட்டு விழும் என்பதால் வாஷ்பேசின் மேல் வைக்கும் கண்ணாடிக்கு மட்டும் தண்ணீர் தாங்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரக்கு பாலிஷ் போட வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரம் பட்டு மேல்பூச்சு பால் போல வெளுத்துவிடும். இரண்டு நாள் நல்ல வெயில் அடிக்கும்வரை காத்திருங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

சட்டத்தின் பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய மரம் ஈரத்தை மறுபக்கம் வழியாக இழுத்து வளையும்.

கண்ணாடி ஓரத்தில் சட்டத்தை ஒட்டி ஒரு வெளிறிய கோடு தெரிகிறது. ஏன்?

அது சட்டத்தின் உள்பக்கம். காடியின் உதட்டுப் பகுதி, அதாவது கண்ணாடியைத் தொடும் அந்த 10 மி.மீ. முகம், கண்ணாடியில் பிரதிபலிக்கிறது. முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியாத பகுதி என்று பூச்சு போடாமல் விட்டிருப்பார்கள், ஆனால் கண்ணாடி அதைக் காட்டிவிடும். காடி முழுக்க, உள் சுவரும் சேர்த்து, மேட் கறுப்பு பெயிண்ட் அடித்துக் காயவைத்த பிறகு கண்ணாடியை வையுங்கள். கோடு இருந்த இடம் தெரியாது. இதற்கு ஆகும் நேரம் 10 நிமிடம், ஆனால் சட்டத்தின் தோற்றத்தையே மாற்றிவிடும்.

கண்ணாடியைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டலாமா?

வேண்டாம். கீழ்க் காடியில், இரண்டு ஓரத்திலிருந்தும் கால் பங்கு தூரத்தில், 1.5 மி.மீ. தடிமன் ரப்பர் துண்டு ஒவ்வொன்று வைத்து அதன் மேல் கண்ணாடியை நிறுத்துங்கள். பின்னால் ஒரு மெல்லிய ஃபோம் தாள், அதன் பின் 4 மி.மீ. பிளைவுட். கண்ணாடி 4, ஃபோம் 1, பிளைவுட் 4 என்று 9 மி.மீ. போக, 12 மி.மீ. காடியில் இன்னும் 3 மி.மீ. மிச்சம். பிளைவுட்டைப் பிடிக்க, சின்ன மரத்துண்டுகளைச் சட்டத்தின் பின்பக்கத்தில் ஒரே ஸ்க்ரூவில் மாட்டி, திருப்பினால் பூட்டும்படி செய்துகொள்ளுங்கள். மிச்சமிருக்கும் 3 மி.மீ. இடைவெளியை அட்டைத் துண்டு வைத்து நிரப்பினால் ஆட்டம் இருக்காது.

எங்காவது சிலிக்கான் போட்டே ஆக வேண்டும் என்றால், வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தொடாதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் கண்ணாடியின் பின்பூச்சை அரித்து ரசத்தைக் கெடுக்கும். நியூட்ரல் என்று போட்டிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சுவரில் எப்படி மாட்டுவது? ஒரு ஆணி போதாதா?

10 கிலோ கண்ணாடிக்கு ஒற்றை ஆணியும் கயிறும் வேண்டாம். சாய்வுக் கட்டை முறை நல்லது. 12 மி.மீ. தடிமனில், 600 மி.மீ. நீளமுள்ள ஒரு பட்டையை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக இரண்டாகப் பிளக்க வேண்டும். இந்த ஒரு வெட்டை மரக்கடையிலேயே மெஷினில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாதியைச் சட்டத்தின் மேல் பகுதியில், சாய்வு கீழ்நோக்கி இருக்க மாட்டுங்கள். மறுபாதியைச் சுவரில், சாய்வு மேல்நோக்கி இருக்க மாட்டுங்கள். சட்டத்தைத் தூக்கி வைத்தால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். சட்டம் சுவரை விட்டு 12 மி.மீ. தள்ளி நிற்பதால், கீழ்ப் பகுதியிலும் அதே தடிமனில் இரண்டு துண்டு ஒட்டிவிடுங்கள். அந்த இடைவெளி வழியாகக் காற்று போவதால் சுவர் ஓதம் கண்ணாடிக்கு ஏறாது.

சுவர்க் கட்டைக்கு மூன்று ஸ்க்ரூ. பூச்சு மட்டும் 12 முதல் 15 மி.மீ. இருக்கும், அது எடை தாங்காது. ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும், ஆகவே 50 மி.மீ. நீள பிளக், 8 மி.மீ. துளை. துளையிலிருந்து செங்கல் தூள் சிவப்பாக வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். வெறும் சிமெண்ட் தூளும் மணலும் மட்டும் கொட்டினால் செங்கல் இணைப்பில் விழுந்திருக்கிறது, இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஹாலோ பிளாக், லேசான வெள்ளை நிற ஏ.ஏ.சி. கல் சுவர்களுக்குச் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்று தனியாக விற்பதைக் கேளுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஒயர் குழாய் ஓடும் என்று வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தவிர்த்துவிடுங்கள். கடலோர ஊர்களில் இரும்பு ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.

தலை முதல் கால் வரை தெரிய எவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டும்?

உங்கள் உயரத்தில் பாதி. எவ்வளவு தள்ளி நின்றாலும் இதுதான் கணக்கு, பின்னால் போவதால் கூடுதலாகத் தெரியாது. மாட்டும் உயரத்தில்தான் விஷயம் இருக்கிறது. கீழ் விளிம்பு, தரையிலிருந்து உங்கள் கண் இருக்கும் உயரத்தில் பாதியில் இருக்க வேண்டும். 165 செ.மீ. உயரமானவரின் கண் சுமார் 154 செ.மீ.யில் இருக்கும், அவருக்குக் கீழ் விளிம்பு 77 செ.மீ. வரை இருக்கலாம். 150 செ.மீ. உயரமானவருக்கு 69 செ.மீ. நம் சட்டத்தில் கண்ணாடி தெரியும் பகுதி கிட்டத்தட்ட 90 செ.மீ. உயரம். அதன் கீழ் விளிம்பை 69 முதல் 70 செ.மீ.யில் வைத்தால் இந்த இருவருமே கால் முதல் தலை வரை பார்த்துக்கொள்ளலாம். புடவை மடிப்புச் சரிபார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

வாஸ்துப்படி எந்தச் சுவர்?

வடக்கு, கிழக்குச் சுவர் நல்லது, படுக்கைக்கு எதிரே வேண்டாம் என்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அனுசரித்து இடம் பாருங்கள். அதற்குள், ஜன்னல் வெளிச்சம் கண்ணாடி மேல் விழாமல் உங்கள் முகத்தில் விழும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். மாலை வெயில் நேராக அடிக்கும் சுவர் மட்டும் வேண்டாம், பாலிஷும் வெளுக்கும், கண்ணும் கூசும்.

வாடகை வீடு, சுவரில் துளை போட விடமாட்டார்கள். என்ன செய்வது?

உறுதியான மேசை அல்லது அலமாரி மேல் சுவரில் சாய்த்து வைக்கலாம். அடிப்பக்கம் ரப்பர் ஒட்டினால் வழுக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெறுமனே சாய்த்து வைக்காதீர்கள், சட்டத்தின் மேல்பகுதியை அலமாரியோடு பட்டை போட்டுக் கட்டுங்கள். கண்ணாடியின் பின்பக்கம் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிமும் கிடைக்கிறது. உடைந்தாலும் சில்லு சிதறாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பழைய பீரோ கண்ணாடியை எடுத்துச் சட்டம் போடலாமா? ஓரத்தில் கறுத்திருக்கிறது.

போடலாம். கறுப்பு என்பது விளிம்பு வழியாக ஈரம் ஏறி ரசம் போன இடம். 10 மி.மீ.க்குள் இருந்தால் நம் காடிக்குள்ளேயே மறைந்துவிடும். அதற்கு மேல் இருந்தால் கண்ணாடிக் கடையில் கொடுத்து அந்த ஓரத்தை வெட்டிவிடச் சொல்லுங்கள், அல்லது முன் அடுக்குப் பட்டையை 70, 80 மி.மீ. என்று அகலமாக வைத்து மூடிவிடுங்கள். எப்படியானாலும் கறுப்பு மேலும் பரவாமல் இருக்க, நான்கு விளிம்பிலும் தெளிவான வார்னிஷ் ஒரு கோட் இழுங்கள். நகப் பாலிஷ்கூடப் போதும்.

மாட்டிய பிறகு துடைக்கும்போது, திரவத்தைக் கண்ணாடி மேல் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். கண்ணாடி மேல் அடித்தது வழிந்து கீழ்க் காடியில் தேங்கும், ரசம் போவது பெரும்பாலும் அந்தக் கீழ் விளிம்பிலிருந்துதான் தொடங்குகிறது.